தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை போத்தலை மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவின் 84 நாள் பிரசவ லீவில் ஒரு பகுதி பிள்ளை பிறப்பதற்கு முன்பே கழிந்துவிடும். மீதி முடியும்போது பிள்ளைக்கு இரண்டரை மாதம்தான் இருக்கும். அம்மா மறுபடி பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போக வேண்டும். பிள்ளை தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பராவுக்கோ அப்பாயி கைக்கோ போக வேண்டும். அதுவரை அம்மாவின் மார்பைத் தவிர வேறெதையும் வாயில் வைத்தறியாத பிள்ளை போத்தலைக் கண்டதும் வீறிட்டு அழுகிறது. உடனே லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பிடிவாதக்காரப் பிள்ளை, பட்டினி போட்டால் தன்னால் குடிக்கும், பால்மா கரைத்துக் கொடு, கொஞ்சம் சீனி போட்டுப் பார்.

இதில் ஒன்றையும் செய்ய வேண்டாம். பிள்ளை மறுக்கிற விதத்திலேயே காரணம் தெரியும். போத்தலைக் கண்டதுமே தலையைத் திருப்புவதற்கு ஒரு காரணம், சூப்பியை (போத்தலின் ரப்பர்க் காம்பை) கடித்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு வேறொரு காரணம், குடித்து இருமுவதற்கு இன்னொன்று. என்ன செய்கிறது என்று நன்றாகப் பாருங்கள். அதற்கேற்ப ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். சூப்பி, பிடிக்கிற ஆள், நேரம், சூடு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாமல் போகும்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே பழக்கத் தொடங்குங்கள். அதற்காகப் பிறந்த உடனேயும் வேண்டாம். மார்பில் குடிப்பது நன்றாகப் பிடிபட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நான் இங்கே சொல்வதெல்லாம் பிழிந்தெடுத்த தாய்ப்பாலைக் கொடுப்பது பற்றித்தான். 6 மாதம் வரை பிள்ளைக்கு அது மட்டும் போதும். தண்ணீர், கொத்தமல்லித் தண்ணி, தேத்தண்ணி எதுவும் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

முதலில், போத்தல் வேண்டுமா?

இதை யோசிக்காமலே பல பேர் டவுனுக்குப் போய்ப் போத்தல் வாங்கி வந்துவிடுகிறார்கள். மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு 9 மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை பாலூட்ட நேரம் கொடுக்க வேண்டும். பிள்ளை பராமரிப்பு நிலையம் இருக்கிற இடத்தில் தடவைக்கு அரை மணி, இல்லாத இடத்தில் ஒரு மணி. இது சாப்பாட்டு நேரத்தில் கழிகிற கணக்கு அல்ல, அதற்கு மேலதிகம். கொழுந்து எடுக்கிற மலை பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் இருந்தால், காலையில் ஒரு தடவை, மத்தியானம், பின்னேரம் என்று வந்து கொடுத்துவிடலாம். அப்படியானால் இடையில் ஒரு நேரத்துக்கு மட்டும்தான் வேறு வழி தேட வேண்டியிருக்கும். வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடமும் ஐயாவிடமும் இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். மலையிலிருந்து வந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இடுப்பில் கட்டிய படங்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். மருந்து அடித்த மலையில் வேலை செய்த நாளில் மேல்சட்டையையும் மாற்றுங்கள்.

அந்த இடைப்பட்ட நேரத்துக்கும் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் கப்பால் கொடுக்கத்தான் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பீலியில் பிடிக்கிற தண்ணீரிலும் ஓடைக் குழாய்த் தண்ணீரிலும் கழுவுகிற வீட்டில், போத்தலின் கழுத்திலும் சூப்பியின் உள்மடிப்பிலும் பால் ஒட்டிக் கிருமி சேரும். அதனால் வயிற்றோட்டம் வரும். கப்பில் அந்த இடுக்குகள் இல்லை. பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, சின்னக் கப்பின் விளிம்பைக் கீழ் உதட்டில் பதிய வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சரியுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது. பிள்ளை தானே நாக்கை நீட்டி நக்கியும் உறிஞ்சியும் எடுக்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக்கூட ஆஸ்பத்திரியில் இப்படித்தான் கொடுக்கிறார்கள். போத்தலை அடியோடு மறுக்கிற பிள்ளை கப்பில் நல்லபடியாகக் குடித்தால், பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. போத்தலைப் பழக்கியே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

ஆனாலும் ஹட்டன், நுவரெலியா கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் அம்மாவுக்கு நடுவில் வந்து போக முடியாது. கை நடுங்கும் வயதான அப்பாயிக்குக் கப் சிரமம். அவர்களுக்குப் போத்தல்தான் வசதி. இனி வருவது அவர்களுக்காக.

எதையும் முயல்வதற்கு முன், இவை இருந்தால் ஆஸ்பத்திரி

24 மணி நேரத்தில் 6 தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போவது, சிறுநீர் கடும் மஞ்சளாக இருப்பது, உச்சிக்குழி உள்ளே பதிந்திருப்பது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சு இழுத்து வாங்குவது, பச்சையாக வாந்தி எடுப்பது. 3 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகைக் காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும், போத்தல் பழக்குவதை விட்டுவிட்டு உடனே காட்டுங்கள். தோட்டத்தில் வாகனம் கிடைக்காவிட்டால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. பிள்ளை போத்தலையும் மறுத்து மார்பையும் மறுத்தால் அது பழக்கப் பிரச்சினை இல்லை, நோயாக இருக்கலாம். காத்திருக்காதீர்கள்.

போத்தலைக் கண்டதுமே அழுகிறது, முகத்தைத் திருப்புகிறது

வாய்க்குள் எதுவும் போகும் முன்பே அழுகிறது என்றால், போத்தல் என்றாலே வற்புறுத்தல் என்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டது. நல்ல பசியில் இருக்கும்போது யாரோ சூப்பியை வாயில் திணித்திருப்பார்கள். பசியில் அழுகிற பிள்ளைக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் பட்டினி போட்டுப் பழக்குவது என்ற யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பிள்ளைக்குப் பயம் கூடும், சின்னப் பிள்ளையாக இருந்தால் நீர்ச்சத்தும் குறைந்துவிடும்.

சில நாட்களுக்குப் போத்தலைக் கண்ணில் காட்டாதீர்கள். பிறகு, பால் குடித்து ஒரு மணியோ ஒன்றரை மணியோ ஆனதும், வயிறு நிறைந்தும் இல்லாமல் காய்ந்தும் இல்லாத நேரத்தில், கழுவிய சூப்பியை மட்டும் கையில் கொடுங்கள். வாயில் வைத்து விளையாடட்டும். அடுத்த நாள் சூப்பியில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் தடவிக் கீழ் உதட்டில் வையுங்கள். வாயைத் திறப்பது பிள்ளையின் வேலை, நீங்கள் உள்ளே தள்ளக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிணுங்கத் தொடங்கினாலே எடுத்துவிடுங்கள், அழும்வரை போக வேண்டாம். ஆறப்போட்டு, அமைதியான பிறகு வழக்கம்போல் மார்பில் கொடுங்கள்.

அம்மா கொடுத்தால் மறுக்கிறது

அம்மாவின் வாசனை பக்கத்திலேயே இருக்கும்போது பிள்ளை ஏன் ரப்பரைச் சூப்ப வேண்டும்? வேறு ஆள் கொடுக்கட்டும். அப்பாவோ அம்மாயியோ, பிறகு நாள் முழுக்கப் பார்க்கப்போகிற பிள்ளைக்காம்பரா ஆயாவோ. ஆயா என்றால், வேலைக்குப் போகும் நாளுக்கு முன்பே நாலைந்து தடவை பிள்ளையை அங்கே கொண்டுபோய் அவர் மடியில் இருந்து பழக விடுங்கள். பழக்கமில்லாத ஆளும் பழக்கமில்லாத போத்தலும் ஒரே நாளில் வந்தால் எந்தப் பிள்ளையும் அழும்.

அம்மா அடுத்த அறைக்குப் போனால் மட்டும் போதாது. லயத்துக் காம்பராவில் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் பேசுவது பிள்ளைக்குத் தெளிவாகக் கேட்கும். பீலிக்கோ கோயில் பக்கமோ கொஞ்ச நேரம் போய்விடுங்கள்.

கொடுப்பவர், பிள்ளையை மார்போடு அணைத்துப் பால் கொடுக்கிற மாதிரிப் பிடிக்க வேண்டாம். அப்படிப் பிடித்தால் பிள்ளை மார்பைத் தேடும். முதுகு தன் நெஞ்சில் சாய, முகம் வெளியே பார்க்க, மடியில் நிமிர்த்தி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் நடந்துகொண்டே கொடுத்தால்தான் எடுக்கும். போர்த்திக்கொண்டு வாசலில் நடந்து, மலையைக் காட்டி, ஏதாவது பேசிக்கொண்டே கொடுங்கள். தூக்கம் கலைந்தும் கலையாமலும் இருக்கும் நேரமும் நல்லது. அம்மா உடுத்திய சேலைத் துண்டைக் கொடுப்பவர் தோளில் போட்டால் சில பிள்ளைகள் அடங்கும், சில பிள்ளைகள் இன்னும் கூடத் தேடி அழும். உங்கள் பிள்ளை எந்த வகை என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

வாயில் வாங்குகிறது, ஆனால் கடிக்கிறது, நாக்கால் தள்ளுகிறது

இது மறுப்பு இல்லை, பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மார்பில் குடிக்கும்போது வாய் அகலமாகத் திறந்து, காம்பு வாயின் உள்பக்கம் வரை போகும். போத்தலை நாம் நுனியில் மட்டும் வைக்கிறோம். சூப்பியால் மேல் உதட்டை மெதுவாகத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் திறக்கும். அப்போது நாக்குக்கு மேலாகச் சூப்பியை வைத்து, உதடு அதன் அகன்ற அடிப்பகுதி வரை பொருந்துகிறதா என்று பாருங்கள். சூப்பிக்குள் காற்று இல்லாமல் பால் நிறைந்திருக்கட்டும். முதல் உறிஞ்சலிலேயே சுவை கிடைத்தால்தான் இதில் பால் வரும் என்று பிள்ளைக்குப் புரியும்.

சுத்தமான சுண்டுவிரலைச் சூப்பக் கொடுத்து, தாளம் பிடித்ததும் விரலை எடுத்துச் சூப்பியை வைப்பதும் பலனளிக்கும். எங்கள் பக்கத்துக் குளிரில் இன்னொன்றையும் கவனியுங்கள். இரவெல்லாம் மேசையில் கிடந்த சூப்பி சில்லென்று இருக்கும். கொதித்தாறிய வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்துக் கொடுங்கள்.

3, 4 மாதம் தாண்டிய பிள்ளை என்றால் பொறுமை கூட வேண்டும். பிறந்த பிள்ளை வாயில் பட்டதையெல்லாம் தானாகவே சூப்பும். அந்த வயதுக்குப் பிறகு விருப்பம் இருந்தால்தான் சூப்பும். சூப்பியின் வடிவத்தை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் கடைக்குக் கடை போய் வகைக்கொன்று வாங்கிக் குவிக்காதீர்கள். ஒரு வகையைக் குறைந்தது சில நாள் பாருங்கள். 5 மாதத்துப் பிள்ளை இரண்டு கிழமை முயன்றும் எடுக்கவில்லை என்றால், நான் போத்தலை மூடி வைத்துவிட்டுக் கப்புக்குத்தான் போகச் சொல்வேன்.

உறிஞ்சுகிறது, பால் வராமல் கோபப்படுகிறது

போத்தலைத் தலைகீழாகப் பிடியுங்கள். பால் சொட்டுச் சொட்டாக, நொடிக்கு ஒரு சொட்டுப் போல விழ வேண்டும். விழவில்லை என்றால் துளை அடைத்திருக்கிறது. குளிரில் தாய்ப்பாலின் கொழுப்பு மேலே திரண்டு துளையில் ஒட்டும். பாலை மிதமாகச் சூடாக்கி, போத்தலை மெல்லச் சுழற்றிக் கலந்தால் சரியாகும். உறிஞ்சும்போது சூப்பி உள்ளே ஒடுங்கி ஒட்டிக்கொண்டால் மூடி வளையத்தை இறுக்கமாகத் திருகியிருக்கிறீர்கள். கொஞ்சம் தளர்த்துங்கள்.

ஊசியைச் சூடு காட்டித் துளையைப் பெரிதாக்குவதை நிறையப் பேர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அடுத்த அறிகுறி அதனால்தான் வருகிறது.

இருமுகிறது, திணறுகிறது, வாயோரம் வழிகிறது

பால் வேகமாக வருகிறது. மார்பில் பிள்ளை சூப்பினால்தான் பால் சுரக்கும், நிறுத்தினால் குறையும். போத்தலைக் கவிழ்த்தால் பிள்ளை நிறுத்தினாலும் பால் வந்துகொண்டே இருக்கும். பிறந்த பிள்ளைக்கான, மெதுவாக வரும் சூப்பியைப் பாவியுங்கள். வயது ஏறினாலும் தாய்ப்பால் பிள்ளைக்கு அதை மாற்ற அவசரம் இல்லை. பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, போத்தலைக் கிடையாகப் பிடியுங்கள். நாலைந்து தடவை விழுங்கியதும் போத்தலைத் தாழ்த்தி மூச்சு விட இடம் கொடுங்கள். பாதியில் கை மாற்றி அடுத்த பக்கம் வைத்துக் கொடுங்கள். ஒரு தடவை குடிக்க 15, 20 நிமிடம் எடுத்தால் அது சரியான வேகம்.

பிள்ளையைப் படுக்க வைத்து, தலையணையில் போத்தலை முட்டுக்கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போவது மிகவும் ஆபத்து. ஒரு நிமிடத்தில் பால் மூச்சுக்குழாயில் போய்விடும். காதிலும் சீழ் கட்டும். பல பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்க்கிற இடங்களில் இது நடக்கிறது. உங்கள் பிள்ளையை விடுகிற இடத்தில் இதைக் கட்டாயம் கேளுங்கள், மறைந்து நின்றாவது ஒரு நாள் பாருங்கள்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறது

முதலில் சூடு. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. தலவாக்கலையில் மழை நாளில் அடுப்படியிலிருந்து திண்ணைக்கு வருவதற்குள் பால் ஆறிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் போத்தலை நிறுத்தி வைத்து, அதிலிருந்தே எடுத்து எடுத்துக் கொடுங்கள். நேரடியாக அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது.

அப்புறம் வாசனை. விறகடுப்பில் மூடாமல் கொதிக்கவைத்த போத்தலில் புகை மணம் ஏறும், சரியாக அலசாத சூப்பியில் சவர்க்கார மணம் நிற்கும். கழுவி, பெரிய பானையில் மூழ்கும்படி போட்டு, மூடி, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு 10 நிமிடம் விடுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால் மேல்மலையில் இருப்பவர்கள் நேரத்தைக் குறைக்க வேண்டாம், இன்னும் சில நிமிடம் கூடவே விடுங்கள்.

பாலே மணம் மாறியிருக்கவும் கூடும். புதிதாகப் பிழிந்த பாலைக் குடிக்கிற பிள்ளை, வைத்தெடுத்த பாலை மட்டும் மறுத்தால் இரண்டையும் நீங்களே நாக்கில் வைத்துப் பாருங்கள். சில தாய்மாரின் பாலில் கொழுப்பைப் பிரிக்கும் நொதியம் கூடுதலாக இருக்கும். அந்தப் பால் சில மணி நேரத்தில் சவர்க்காரம் போல மணக்கும். கெட்டுப்போகவில்லை, ஆனால் பிள்ளைக்குப் பிடிக்காது. அப்படியானால் பிழிந்த உடனே பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் சின்னக் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் பாத்திரத்தை வைத்து ஆற்றி மூடி வையுங்கள். மணம் வந்த பிறகு சூடாக்கிப் பயன் இல்லை.

பிழிந்த பால் வெளியே 4 மணி நேரம் இருக்கலாம். ஃப்ரிஜ்ஜின் உள்பக்கம் 4 நாள். பிள்ளை வாய் வைத்து மிச்சம் விட்டதை 2 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள், மனம் வலித்தாலும். அதனால்தான் ஒரு தடவைக்கு 60 மில்லிலீற்றர் அளவாகப் பிரித்து வைப்பது நல்லது.

நன்றாகக் குடித்தது, திடீரென்று நிறுத்திவிட்டது

மூக்கைப் பாருங்கள். பனிமாதத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இதுதான். மூக்கு அடைத்த பிள்ளையால் சூப்பவும் மூச்சு விடவும் ஒன்றாக முடியாது. பார்மசியில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கொடுங்கள். யூக்கலிப்டஸ் தைலத்தை மூக்கிலோ நெஞ்சிலோ தடவ வேண்டாம், சின்னப் பிள்ளைக்கு மூச்சுத் திணறும். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சணம். அம்மாவின் காம்பும் எரியும், இரண்டு பேருக்கும் மருந்து வேண்டும். 2, 4, 6 மாதத்து ஊசி போட்ட அடுத்த நாள் சோர்ந்து குறைவாகக் குடிப்பது வழக்கம், அது தானாகச் சரியாகும்.

பகலில் ஒரு வாய்தான், இரவெல்லாம் மார்பு

அம்மா இல்லாத நேரம் தூங்கிக் கழித்துவிட்டு, வந்ததும் சேர்த்துக் குடிக்கிற பிள்ளைகள் உண்டு. சிறுநீர் நன்றாகப் போய், கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு ஏறிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குக் குறை இல்லை. கஷ்டம் அம்மாவுக்குத்தான், தூக்கம் போகும். படுத்தபடியே கொடுக்கப் பழகுங்கள், பின்னேரம் வந்ததும் அடுப்படி வேலையை வேறு யாராவது பார்க்கட்டும், நீங்கள் பிள்ளையோடு உட்காருங்கள்.

அளவு தெரியாமலும் பலர் பயப்படுகிறார்கள். 1 முதல் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சராசரி 750 மில்லிலீற்றர் அளவில் போதும். அம்மா இல்லாத ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 45 மில்லிலீற்றர் என்று கணக்கு வையுங்கள். பக்கத்து வீட்டுப் பால்மாப் பிள்ளை ஒரே மூச்சில் பெரிய போத்தலைக் காலி செய்வதோடு ஒப்பிட வேண்டாம். தாய்ப்பால் பிள்ளையின் வயதுக்கேற்ப அளவு அப்படி ஏறிக்கொண்டே போகாது.

போத்தல் பிடித்துவிட்டது, இப்போது மார்பை மறுக்கிறது

போத்தலில் உடனே வருகிறது, மார்பில் ஒரு நிமிடம் சூப்பிய பிறகுதான் பால் இறங்குகிறது. பிள்ளை லேசானதைத் தேடுகிறது. மேலே சொன்னபடி மெதுவான சூப்பி, நிமிர்ந்த இருப்பு, இடைநிறுத்தம் மூன்றையும் கொடுப்பவர் விடாமல் செய்கிறாரா என்று பாருங்கள். மார்பில் வைக்கும் முன் கையால் கொஞ்சம் பிழிந்து பாலை இறங்க வைத்துவிட்டுக் கொடுங்கள். வீட்டில் இருக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை, போயா லீவு நாட்களில் போத்தலை எடுக்கவே வேண்டாம். உடம்போடு உடம்பு ஒட்ட, கம்பளிக்குள் அணைத்து வைத்திருங்கள். தூக்கக் கலக்கத்தில் பெரும்பாலும் தானாகவே பிடிக்கும்.

பால் குறைந்திருந்தாலும் பிள்ளை விலகும். வேலை நேரத்தில் மார்பு கட்டிக்கொள்ளும்வரை விட்டால் சுரப்பு இறங்கிவிடும். 3 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பிழிந்தெடுங்கள். கையைக் கழுவி, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்றிமீற்றர் தள்ளிப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலைத் தேய்க்கவோ காம்பை இழுக்கவோ கூடாது. விரலைச் சுற்றிச் சுற்றி மாற்றி எல்லாப் பக்கமும் எடுங்கள். இது கைக்கு வராவிட்டால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் பாலூட்டல் முகாமைத்துவ நிலையம் இருக்கிறது, பிள்ளையையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அங்கேயும் போகலாம்.